யூத ஆலயத்தில் என் சப்பாத்து

நவம்பர் 4, செவ்வாய்
மழை. ரயில் பிந்தினது. வாங்க: பால், கறிவேப்பிலை, இவருக்கு இருமல் மருந்து.
பிர்கிட் அறைக்குக் கூப்பிட்டா. மியூசியத்துக்கு அவதான் பொறுப்பு. எரிந்த யூத ஆலயத்தைத் திருத்தி, போலந்திலிருந்து இந்த ஜெர்மன் ஊருக்குச் சுரங்க வேலைக்கு வந்த யூதக் குடும்பங்களின் சட்டி பானை, தையல் மெசின் எல்லாம் வைத்திருக்கிற இடம். நான் பெரிய கூடத்துக்குக் காவல். முதல் நாள் வாசலில் கால் தானாகவே சப்பாத்தைக் கழற்றிவிட்டது. ஆலயம் என்றால் ஆலயம்தானே. அதிலிருந்து காலுறையோடுதான் நிற்கிறேன். இப்போதுதான் மனுசியின் கண்ணில் பட்டிருக்கிறது. வழுக்கி விழுந்தால் காப்புறுதிக் கம்பனி காசு தராதாம். இது கோயில் இல்லை, மியூசியம் என்று சிரித்துக்கொண்டு சொன்னா. அந்தச் சிரிப்புத்தான் பத்திக்கொண்டு வந்தது. என் நிரந்தர வேலைக்கான ஒப்பந்தம் அவவின் மேசையில். கையெழுத்து இன்னும் இல்லை.

நவம்பர் 5, புதன்
குளிர். இவரிடம் சொன்னேன். “சப்பாத்துக்காக வேலையை விடப்போறீரோ? போட்டுத் துலையும்.”
போட்டேன். மரத்தரையில் டக், டக். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குப் பலகையில் சுவிங்கம் ஒட்டிவிட்டுப் போனார்கள். அதற்குக் காப்புறுதி இருக்கும் போல.

நவம்பர் 6, வியாழன்
தலையிடி. பிர்கிட் என் காலைப் பார்த்து, நல்ல பிள்ளை என்பதுபோல் தலையாட்டினா. பிடிக்கவேயில்லை.

நவம்பர் 9, ஞாயிறு
1938இல் நாஜிகள் ஆலயத்தை எரித்த நாள். பிர்கிட் கறுப்புக் கோட்டு, பேச்சு. ஆர்ஜென்டினாவிலிருந்து ஒரு கிழவர். அவரின் தாயின் ஆட்களை இந்த ஊரிலிருந்துதான் கொல்லக் கொண்டுபோனார்களாம். கூடத்துக்குள் வந்தார், சப்பாத்தைக் கழற்றினார், தரையில் குந்தினார். பிர்கிட் ஓடிவந்தா. காப்புறுதிக் கதை வரும் என்று பார்த்தேன். இல்லை. பவ்வியமாக நின்றா. பிறகு என் காதுக்குள், அவரின் சப்பாத்தைப் பத்திரமாக வைத்திருக்கட்டாம்.
அவரின் சப்பாத்து என் கையில், என் சப்பாத்து என் காலில். போகும்போது ஏன் கழற்றினார் என்று கேட்டேன்.
“நாங்கள் செத்தவீட்டில இப்பிடித்தான் இருப்பம்.”
“இது மியூசியமெண்டு சொல்லீனம்.”
“அவைக்கு மியூசியம்.”
எங்கள் செத்தவீட்டிலும் வாசலில்தானே கழற்றுவோம். கிழவரை அனுப்பிவிட்டு வந்து கழற்றினேன். பிர்கிட் பார்த்துக்கொண்டு நின்றா. பார்க்கட்டும்.

நவம்பர் 10, திங்கள்
மழை. மியூசியம் பூட்டு. ஒப்பந்தம் பற்றி ஒரு போனும் இல்லை. இவர் இருமுகிறார். நாளைக்குத் தடித்த காலுறை எடுத்து வைத்தாயிற்று.