ஜீப்புக்கு வைத்திருந்த தண்ணீர்

நனைந்த சாக்கின் வாடை இன்று காலை என்னை உங்களிடம் கொண்டுபோய் விட்டுவிட்டது. உங்கள் ஜீப்பில் இருந்த மஞ்சள் கேன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடிய மறுமாதம் உங்கள் வீட்டம்மா கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் சூடாகாமலிருக்க அதைச் சுற்றி நீங்கள் தைத்த சாக்கு இன்னும் கிழியவில்லை. இந்த வருஷம் ஏற்காட்டிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சாக்கில் தண்ணீர் தெளித்தேன், வாடை எழுந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், நீங்கள் ஜீப் டிரைவர். இருபது வருஷம் தினமும் பார்த்துக்கொண்டிருந்தும் கடைசிவரை 'ங்க' போட்டேதான் பேசினோம். நமக்குள் இருந்த ஒரே தகராறு என் நாய் பொட்டு. நீங்கள் ஜீப்பைக் கழுவி நிறுத்தியதும் வந்து டயரில் காலைத் தூக்குவான். "ஏனுங்க ரைட்டரு, இந்த மலையில உங்க நாய்க்கு வேற டயரே கெடைக்கலீங்களா?" என்பீர்கள்.

அவனுக்குக் காதில் கட்டி வந்தது ஒரு மே மாதத்தில். சேலத்து டாக்டரிடம் காட்ட உங்களைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள். மலையில் இருப்பவனுக்குக் குளிர் ஒன்றுதான் பயம், வெயிலை யார் நினைக்கிறார்கள்? காலைக் குளிருக்காக அவனுக்கு என் பழைய ஸ்வெட்டரை மாட்டினேன். ஜீப்பின் பின்னால் ஏற்றித் தார்ப்பாயை இறக்கிக் கட்டினேன். வளைவுகளில் குரங்கைப் பார்த்தால் குதிப்பான் என்று வாயையும் துணியால் கட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு முன்சீட்டில் ஏறினேன்.

பாதி மலையில் ஒரு பஸ் ரிப்பேராகி வழியை அடைத்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் நின்றோம். அடிவாரம் சேர்ந்தபோது உச்சி வெயில். பின்னாலிருந்து சத்தமே இல்லை.

"தூங்கறானாட்ட இருக்குதுங்க" என்றேன். நீங்கள் புளியமர நிழலில் ஜீப்பை நிறுத்தித் தார்ப்பாயைத் தூக்கினீர்கள்.

அவன் தூங்கவில்லை. கண் செருகி, விலா மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டு கிடந்தான். வாய்க்கட்டை அவிழ்த்ததும் நாக்கு செக்கச்செவேலென்று வெளியே சரிந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், காதுகூட அசையவில்லை. கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"நாய் வாயத் தொறந்து மூச்சு எளைச்சுத்தானுங்க சூட்ட எறக்கும். ரேடியேட்டரையே கட்டிப்போட்டுட்டீங்களே!"

அன்று நீங்கள் திட்டியது அவ்வளவுதான். எதிரே இருந்த ஜூஸ் கடைக்கு ஐஸ் வாங்க ஓடிய என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். "கொதிக்கிற இஞ்சின்ல ஐஸ் தண்ணிய ஊத்துவாங்களா? இதும் உசுருள்ள இஞ்சினுதானுங்க." ஸ்வெட்டரைக் கத்தியால் கிழித்துப்போட்டு, காலையில் ஓடையில் பிடித்து ஜீப்புக்காகக் கேனில் வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் அவன் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் விட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் அட்டையால் விசிறினேன். வாயில் ஊற்றப் போனபோது கையைத் தட்டிவிட்டீர்கள். "பொரை ஏறிக்கும். அவனா நக்கட்டும்."

கரடியூர் முனையில் நின்று, காலடியில் மேகம் விரிவதைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறேன். அன்று உங்கள் கையைப் பார்த்து நின்றது அதைவிடப் பெரிது. டயருக்காக அவனோடு சண்டை போட்ட அதே நீங்கள் மண்ணில் முட்டி போட்டு, அவன் பாதத்தை ஒவ்வொரு விரலாக விலக்கி நனைத்துக்கொண்டிருந்தீர்கள். எவ்வளவு நேரமோ தெரியவில்லை. வாலின் நுனி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஈர மண்ணில் தட்டியது.

"இஞ்சின் ஸ்டார்ட் ஆயிருச்சுங்க ரைட்டரு" என்றீர்கள்.

நனைந்த உடம்போடு, எல்லாப் பக்கமும் காற்று வர, டாக்டரிடம் கொண்டுபோனோம். நனைத்துக் கொண்டுவந்ததால்தான் பிழைத்தான் என்றார் அவர். பத்து நாள் கழித்துப் பொட்டு உங்கள் டயரில் காலைத் தூக்கினான். கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தீர்கள். "குடுத்த தண்ணியத் திருப்பித் தந்துட்டானுங்க." அப்படி ஒரு சந்தோஷத்தை உங்கள் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

போன ஞாயிறு ஏரிப் பக்கம் ஒரு காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாயைப் பூட்டிப் போயிருந்தார்கள். உள்ளே அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இளைத்துக்கொண்டிருந்தது. கார்க்காரரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தேன். "ஏற்காடுதானுங்களே, குளுகுளுன்னு இருக்கும்னு நெனச்சேன்" என்றார், முகம் வெளுத்துப்போய். அவரைத் திட்ட எனக்கு ஏது வாய்? நாயை நிழலில் இறக்கிக் கேனைத் திறந்தேன். அந்த நாய் எழுந்து உடம்பை உதறியபோது மறுபடியும் அந்தப் புளியமர நிழலில் நிற்பது மாதிரி இருந்தது எனக்கு.

வெயில் காலம் முழுக்க அந்தக் கேன் இல்லாமல் நான் வெளியே இறங்குவதில்லை. பொட்டு இப்போது கிழவன், கண் சரியாகத் தெரியாது. காலையில் நான் சாக்கை நனைக்கும்போது தட்டுத் தடுமாறி வந்து மோந்து பார்த்துவிட்டு, அதன்மேல் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொள்கிறான். இந்த மலையில் அவன் காலைத் தூக்காத பொருள் அது ஒன்றுதான்.