ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்

டுலூத், ஜனவரி 9, 2014

டேரிலுக்கு,

ஏழு மாதமாக எழுதாதவள் இப்போது காரியத்துக்காக எழுதுகிறாளே என்று நினைப்பாய். நினைத்துக்கொள், உண்மை அதுதான். நீ உன் கையால் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய கம்ப்யூட்டர் என் உயிரை வாங்குகிறது. நீ சிறைக்குப் போன புதிதில் எப்போதாவது நின்றது. இப்போது நாளுக்கு மூன்று முறை. திடீரென்று திரை முழுக்க நீலம், வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு வரி, பிறகு தானாக அணைந்து எழுகிறது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறேன் அல்லவா, தட்டியதில் பாதி காணாமல் போகிறது. இரண்டு முறை தாமதமாகிவிட்டது. இன்னொரு முறை ஆனால் வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

ஃபோன் வேண்டாம். உன் குரலைக் கேட்டால், நீ குடித்துவிட்டு வண்டியை எடுத்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. எழுது.

மார்லிஸ்

ஜனவரி 17

என் அன்பு மார்லிஸ்,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்து, பிரிக்காமலேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் அறையில் இருக்கும் லாய்ட், “யோவ், பிரிச்சுத்தான் பாரேன், கடிச்சா வைக்கப்போகுது?” என்றான்.

முதலில் மின்கம்பியைப் பிடுங்கு. உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்க, பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள். உள்ளே அருகருகே நிற்கும் இரண்டு மெமரிப் பட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓடவிட்டுப் பார். பிறகு மற்றதை மட்டும் மாட்டி இன்னொரு வாரம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கோளாறு எதில் என்று தெரியாது. எத்தனை முறை நீலம் விழுந்தது, அந்த வெள்ளை வரி என்ன, எல்லாம் எழுது. வீட்டுச் செய்தியும் எழுது.

டேரில்

பிப்ரவரி 6

அன்புள்ள டேரில்,

முதல் பட்டையோடு பத்தொன்பது முறை, இரண்டாவதோடு பதினேழு. வரியில் மெமரி என்ற சொல் அடிக்கடி வருகிறது. முழுப் பக்கமும் போவதற்குள் இரண்டு வரிக்கு ஒருதரம் சேமித்துச் சேமித்து ஒப்பேற்றுகிறேன்.

ஏரி கண்ணுக்கெட்டிய வரை உறைந்து கிடக்கிறது. ஞாயிறு சர்ச் விருந்துக்கு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுடும் நம் ஹாட்டிஷ் செய்து கொண்டுபோனேன். வாண்டா என் பாத்திரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. நீ இடித்தது அவள் தம்பியை அல்லவா, அவன் இன்னும் கோலூன்றித்தான் நடக்கிறான். அவளைப் பார்த்து மற்றவர்களும் தொடவில்லை. வீட்டுக்கு வந்து முழுவதையும் நானே சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். பார், மூன்று பக்கம் ஆகிவிட்டது.

அன்புடன்,
மார்லிஸ்

பிப்ரவரி 14

என் மார்லிஸ்,

அந்த மூன்று பக்கமும் எனக்கு மனப்பாடம். உன் பாத்திரத்தைத் தொடவிடாமல் செய்தவன் நான்தான்.

அடுத்து மின்சாரம் கொடுக்கும் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். உன் அண்ணனிடம் ஒன்று இரவல் வாங்கி மாட்டு. ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்.

உன் டேரில்

மார்ச் 12

டேரில்,

அண்ணனிடம் வாங்கிய மின்பெட்டியை மாட்டியும் பயனில்லை, மூன்றாவது தாமதமும் நடந்தது. இதய நோயாளி ஒருவரின் அறிக்கை, முடிக்க நாலு வரி இருக்கும்போது நீலம். மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடையில் இருந்த அம்மாள் எதையும் கழற்றவில்லை. திரையில் எதையோ திறந்து பார்த்தாள்.

“யாருங்க இதப் பூட்டுனது? மெமரிய அதால முடியாத வேகத்துல ஓட விட்டிருக்காங்களே. விழாம என்ன செய்யும்?”

“என் வீட்டுக்காரர். அவருக்குத் தெரியாம இருந்திருக்கும்.”

“தெரியாமலா? இது தானா மாறாதுங்க. ஆளு உக்காந்து கையால மாத்தணும்.”

ஐந்து நிமிட வேலை. எட்டு நாளாக ஒருமுறைகூட விழவில்லை. உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தை போதும்.

மார்லிஸ்

மார்ச் 20

மார்லிஸ்,

தெரியும்.

மீதியைப் படிப்பதும் படிக்காததும் உன் இஷ்டம். இங்கே வருவதற்கு முந்திய வாரம், என் மெஷின்தான் வேகம் என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்ள அப்படி வைத்தேன். உன் முதல் கடிதத்தைப் படித்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அதை எழுதியிருந்தால் நீ ‘நன்றி’ என்று ஒரு அட்டை போட்டிருப்பாய், அதோடு சரி. அதனால் பட்டையைக் கழற்றச் சொன்னேன். ஹாட்டிஷ் பற்றிய கடிதம் வந்ததும், அப்படி இன்னொரு கடிதம் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. உன் வேலை போகும் என்று தெரிந்தும் செய்தேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

டேரில்

ஏப்ரல் 3

டேரில்,

வேலை போய்விட்டது. திங்கட்கிழமை சொன்னார்கள்.

எனக்கு எதில் கோபம் தெரியுமா? அந்த மூன்று பக்கத்தை எழுதிய அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். நீ ‘எழுது மார்லிஸ், தனியாக இருக்கிறேன்’ என்று கேட்டிருந்தாலே எழுதியிருப்பேன் போலிருக்கிறது. அதுவும் அன்றுதான் எனக்கே தெரிந்தது.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. இனி உனக்கு எழுத என்னிடம் காரியம் எதுவும் இல்லை. காரியம் இல்லாமலே ஒருநாள் எழுதத் தோன்றினால் எழுதுகிறேன். தோன்றுமா என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுவரை நீ எழுதாதே.

மார்லிஸ்