ஐந்தரைப் பாகத்துப் பலூன்

இன்று காலை ஊர்காவற்றுறையில் ஒரு பைக்கற் பலூன் வாங்கினேன். "பிள்ளைக்குப் பிறந்தநாளோ மாஸ்ரர்?" என்றார் கடைக்காரர். "இல்லை, கடலுக்கு" என்றேன். வீட்டில் பைக்கற்றைப் பிரித்தேன். அந்த றப்பர் மணத்தோடு நீ வந்துவிட்டாய்.

உயர்தர வகுப்பில் இலட்சிய வாயுச் சமன்பாடு படித்த கிழமையே என்னை உங்கள் வள்ளத்தில் ஏற்றினாய். "புத்தகத்தில கிடக்கிறது கடலுக்கையும் வேலை செய்யுதோ பாப்பம், மச்சான்." ஊதிய பலூனையும் ஈயக்கட்டியையும் பிடித்தபடி ஐந்தரைப் பாகம், ஏறக்குறையப் பத்து மீற்றர், முக்குளித்தாய். அடியில் அது பாதியாகச் சுருங்கியதாம். மேலே வந்தபோது பழைய பருமன்தான். அமுக்கம் இரட்டித்தால் கனவளவு பாதி. அடியில் வைத்து ஊதிய பலூன் மேலே வந்தால் என்ன ஆகும் என்று இருவருமே கேட்கவில்லை.

ஆய்வுகூடத்தில் சுற்றில் மின்கலத்தையும் அம்பியர்மானியையும் இடம் மாற்றித் தொடுத்தவனும் நீதான். நான் கத்தினேன். ஊசி அதே இடத்தில் நின்றது. "மாத்தித் தொடுத்தாலும் அளவு ஒண்டுதான், கோபப்படாத." அதற்குப் பரிமாற்றுத் தேற்றம் என்று பெயர் இருப்பதைப் பின்னர் பல்கலைக்கழகத்தில் படித்தேன். நீ அப்போது எழுவைதீவுப் பக்கம் சிலிண்டர் கட்டிக் கடலட்டை எடுத்துக்கொண்டிருந்தாய்.

சிலிண்டரில் காற்று முடிந்த அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாய். "அவசரப்பட்டிட்டான்" என்றது ஊர். அது பொய். சிறுவயது முதல் மேலே இழுத்த மூச்சை அடக்கி மூழ்கியவன் நீ. அந்த மூச்சு சுருங்கி, திரும்பப் பழைய அளவுக்கு வரும். அடியில் சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சோ மேலே வர இரண்டு மடங்காகும், நெஞ்சைக் கிழிக்கும். உன் உடம்புக்குப் பழைய பழக்கம்தான் தெரியும். உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் பிடித்துக்கொண்டுதான் வந்திருப்பேன்.

நீ செத்த முப்பத்தோராம் நாள் சடங்கில் உன் மனிசியிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவருக்குச் சொன்னனீங்களோ?" என்றா. வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு இதே கணக்கைப் போட்டுக் காட்டுபவன் நான். "இல்லை" என்றேன். வெட்கத்தில் தலையை நிமிர்த்த முடியவில்லை.

இனி இன்னொருத்தி என்னிடம் அப்படிக் கேட்க விடமாட்டேன். உன்னோடு தொழில் செய்த ஆறு பேரும் இன்று வள்ளத்துக்கு வருகிறார்கள். கரும்பலகையில் எழுதினால் அவர்கள் நம்பமாட்டார்கள். நான்கு மாதமாக உன் தம்பியோடு சாட்டிக் கடலில் சிலிண்டர் கட்டி முக்குளிக்கப் பழகியிருக்கிறேன். சிலிண்டரோடு இறங்கி, அடியில் வைத்துப் பலூனை நிரப்பி, வாயை முடிச்சிட்டு மேலே விடுவேன். அது மேலே வந்து அவர்கள் கண்முன்னே வெடிக்கும். நான் மூச்சை ஊதிவிட்டபடி, ஆறுதலாக, மெல்ல மெல்ல வருவேன்.

உன் மனிசி விடியவே வந்துவிட்டா. "நானும் வாறன். அது வெடிக்கிறதை நான் பாக்கவேணும்" என்றா. மறுக்கவில்லை. அன்று பலூனோடு நீ பிடித்து மூழ்கிய ஈயக்கட்டியை என் இடுப்பில் கட்டிவிட்டதும் அவதான்.