மயில்முகப் படகு

கோயம்புத்தூர்
8.5.1996

அன்புள்ள அம்மாவுக்கு,

எங்கள் வட்டாரப் பூங்கா, சுற்றுலா ஆணையம் மூன்று கூட்டங்களுக்குப் பின், ஏரிப் படகின் முகம் அன்னமல்ல, மயிலே என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

குடும்பங்களை ஒன்றுசேர்ப்பதே ஆணையத்தின் நோக்கம் என்பார் தலைவர் பாலுசாமி. நேற்று திறப்பு விழா ஒத்திகையில் படகில் ஏறி உட்கார்ந்தவர், குனிந்து வறண்ட தரையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, தண்ணி யாரு பொறுப்புங்க?" என்றார்.

"மழைதாங்க சார்" என்றேன்.

"அப்ப மழைக்கே விட்டுருவமுங்க" என்று விழாவைத் தள்ளிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலையின்றித் துவைத்துத் துவைத்து என் சட்டைகள் நைந்துவிட்டன. இரண்டு சட்டையும் கொஞ்சம் கருப்பட்டியும் அனுப்புங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

மகன்
கிருபாசங்கர்

பி.கு.: விழா முடிந்தால்தான் எனக்கு விடுப்பு. தாய்மாமன் மடியில்தான் குத்த வேண்டும் என்பதால், பாப்பாவின் காதுகுத்து ஏரி நிரம்பிய பிறகு என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.