வாழைமரம் உருண்ட தடம்

அன்று அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நம் பின்னால் நடந்து வந்ததை நான் உங்களிடம் சொல்லவில்லை, நங்கை. அன்று சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. பிறகும் சொல்லாததற்குக் காரணம் என்று எதுவும் இல்லை. எனக்கென்று வைத்துக்கொள்ள ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இன்று காலை குலை வெட்டிய நேந்திர வாழையை மாட்டுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். அரிவாள் இறங்கிய இடத்திலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்தப் பச்சை வாசனை எழுந்ததும் கை நின்றுவிட்டது. சுடிதாரில் கறை தெறித்திருந்தது. வாழைக்கறை போகாது என்று தெரிந்தும் துவைத்துப் பார்த்தேன். பிறகு உள்ளே வந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடம் முடித்திருக்கவில்லை. அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு புத்தகத்தோடு உள் அறையில் இருப்பேன். நீங்கள் வாசலில் நின்று, "அம்மிணி, அந்தப் பொஸ்தகத்துல எம்பேரு வந்துருச்சா, இனித்தான் வருமா?" என்பீர்கள்.

அண்ணன் லாரி ஓட்டப் போனபின் டிராக்டர் கொட்டகையில் நின்றது. மழை பெய்த மறுநாள் ஊரில் எல்லோருக்கும் உழவு வேண்டும், கூலிக்கு ஓட்டும் ஆள் ஒருவருக்கும் கிடைக்கமாட்டார். அண்ணன் வந்திருந்த நாட்களில் அறுத்த காட்டில் ஓட்டிப் பழகிக்கொண்டு, "நான் எடுக்கறனுங்க மாமா" என்று அப்பாவிடம் நீங்கள்தான் கேட்டீர்கள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"எடு. ஆனா மேக்கால தோட்டத்துத் தடத்துல ஒரு டயரு பஞ்சராகி எறங்குச்சுன்னாலும் சாவியக் குடுத்தரோணும். அப்பறம் நானா ஒரு ஆளப் பாத்து வெச்சுக்கறேன்."

"செரிங்க மாமா."

அப்பாவின் பயம் எனக்குப் புரிந்தது. அதற்கு முந்தைய வருடம் கூலி ஆள் ஓட்டியபோது பின் டயரில் முள் ஏறியது. இழுவை கிடைக்க எடைக்காக அந்த டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். அது காய்ந்த வரப்பின் மேல் பீச்சி அடித்ததை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஆள் வந்து கழற்றி ஒட்டி மாட்டுவதற்குள் மண்ணின் ஈரம் போய்விட்டது. அந்த வருடம் நிலக்கடலை பாதிக்குமேல் முளைக்கவில்லை.

முள் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. மேற்கு வேலியில் அடர்ந்திருந்த வேலிக்காத்தான் முள்மரங்களை இயந்திரம் வைத்துப் பிடுங்கியிருந்தோம். கிளைகளை எரித்தாயிற்று. ஒடிந்த முள்ளெல்லாம் தடத்தில் தங்கிவிட்டது. தோட்டத்துக்கு வண்டி போக அந்தத் தடம் ஒன்றுதான் வழி. நம் டயர்களோ தேய்ந்தவை.

நீங்கள் செய்ததையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். காலையில் டயர் டயராக விரலை மடக்கித் தட்டிச் சத்தத்தில் காற்றைக் கணிப்பீர்கள். பட்டைகளுக்கு நடுவே சிக்கிய கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுப்பீர்கள். காற்று வாயின் மூடி தொலைந்தால் அடுத்த மூடி வரும்வரை வண்டியை எடுக்கமாட்டீர்கள். தடத்தைச் சீமாறு போட்டுக் கூட்டினோம், வாரியால் வாரினோம். மேலே கிடந்தது வந்தது. பாதி புதைந்து நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது அப்படியே இருந்தது.

அந்தக் கோடையின் முதல் மழை ஒரு சாயங்காலம் பெய்தது. மறுநாள் விடிந்ததும் மாட்டுக்கென்று வெட்டிய வாழைமரத் துண்டு ஒன்றைத் தோளில் வைத்துத் தடத்தின் வழியே கொண்டுவந்தீர்கள். கால் வழுக்கித் துண்டு கீழே விழுந்து கொஞ்ச தூரம் உருண்டது. தூக்கப் போனவர் தூக்கவில்லை. குனிந்தபடியே இருந்தீர்கள். அடிபட்டுவிட்டதோ என்று நான் ஓடிவந்தேன்.

"அம்மிணி, இதப் பாரு."

துண்டின் ஒரு பக்கம் முழுவதும் முள். மழையில் மண் இளகியிருந்தது. புதைந்திருந்தவையெல்லாம் அந்த மெத்தென்ற பட்டையில் குத்திக்கொண்டு வேரோடு பிடுங்கியதுபோல மண்ணை விட்டு வந்திருந்தன. உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அது ஒரு முகத்தில் நடப்பதை அன்றுதான் பார்த்தேன். சிரிக்கவில்லை நீங்கள். ஏதோ சத்தத்தைக் கேட்பவர்போல வாய் லேசாகத் திறந்திருந்தது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. டயரைவிட அகலமாக ஒரு துண்டு வெட்டினீர்கள். அதன் நடுத்தண்டு வழியே கடப்பாரையைச் செருகி, இரண்டு முனையிலும் கயிறு கட்டி, ஒன்றை என் கையில் கொடுத்தீர்கள். சக்கரம் போகும் கோட்டிலேயே உருட்டிக்கொண்டு போனோம். துண்டு முள்ளால் நிறைந்ததும் புதிது மாற்றினோம். நம் செருப்பில் ஏறிய முள்ளை நின்று நின்று பிடுங்கினோம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் மொபெட்டை நிறுத்திக் காலை ஊன்றினார். "ஏனுங், தேரு எந்தக் கோயலுக்குங்க போவுது?"

"உங்கூட்டு வழியாத்தானுங்க வருது. தேங்கா பழம் எடுத்து வெய்யுங்க" என்றீர்கள் நீங்கள்.

"சாமியக் காணமே?"

"கொட்டாயில நிக்குதுங்க. டீசல் ஊத்துனாத்தான் வருமுங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். நீங்கள் சிரிக்கவில்லை. கயிற்றை உள்ளங்கையில் இன்னொரு சுற்று சுற்றிப் பிடித்தீர்கள். இந்த வழி தோற்றால் சாவி போய்விடும், திரும்ப வராது.

தடம் பனைமரத்தருகே வளையும் இடத்தில்தான் நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா வந்துகொண்டிருந்தார். இரண்டு செருப்பும் இடது கையில். நாம் உருட்டி முடித்த கோட்டின்மேல் வெறுங்காலை வைத்து, ஒவ்வொரு அடியிலும் உடம்பு கனம் முழுவதையும் இறக்கி, கொஞ்சம் நின்று, அடுத்த அடியை எடுத்தார். அறுபது வயதைத் தாண்டிய, சர்க்கரை வியாதி உள்ள மனிதர். காலில் காயம் ஆகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். முகவாயை லேசாக அசைத்தார், முன்னால் பார்த்துப் போ என்பதுபோல.

நீங்கள் தலை குனிந்து இழுத்துக்கொண்டிருந்தீர்கள். சொன்னால் நின்றுவிடுவீர்கள், அவரையும் நிறுத்திவிடுவீர்கள். அதனால் சொல்லவில்லை. அவர் எதற்காக அப்படி நடந்தார் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். உங்களைச் சோதித்தார் என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. டயருக்கு முன்னால் தன் காலை வைத்தார் என்றே தோன்றுகிறது. ஏதாவது மிச்சம் இருந்தால் அது தன் காலில் ஏறட்டும், உங்கள் சாவியை வாங்கும்படி ஆகிவிடக்கூடாது என்று. இரண்டில் எதுவென்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

தடம் முழுவதும் நடந்து முடித்து வரப்பில் உட்கார்ந்தார். பாதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்குப் போனார்.

நீங்கள் வண்டியைக் கொண்டுவந்தபோது நான் பனைமரத்தருகே நின்றிருந்தேன். முன் டயர் கடந்தது. பின் டயர் என் உயரத்துக்கு எழுந்து, உள்ளே தண்ணீர் புரள, மெதுவாகக் கடந்தது. ஈர மண்ணில் பட்டைகளின் அச்சு ஒன்றன்பின் ஒன்றாக, ஓரம் கூடச் சிதையாமல் விழுந்தது. அதன் அடியில் அப்பாவின் காலடிகள் இருந்தன. உங்களுக்குத் தெரியாது. நீங்கள் முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். அவ்வளவு பெரிய ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

போன ஆடியில் வாளையார் தாண்டிக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் உயிரோடு திரும்பி வரவில்லை. அண்ணன் லாரியை விட்டுவிட்டு வந்துவிட்டார். டிராக்டரை இப்போது அவர்தான் எடுக்கிறார். எடுப்பதற்கு முன் நான் தடத்தை நடந்து பார்க்கிறேன், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. இப்போது அங்கே முள் அதிகம் இல்லை. மழைக்குப் பின் மண் குளிர்ந்து கிடக்கும். பனைமரத்தருகே வரும்போது மட்டும் நடை தானாக மெதுவாகிவிடுகிறது.

அன்று உழவு முடித்து நீங்கள் சாவியை அப்பாவின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தீர்கள். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மறுநாள் விடிந்தபோது அது அங்கே இல்லை. சமையலறைச் சுவரில், டீத்தூள் டப்பாவுக்கு மேலே, புதிதாக அடித்த ஓர் ஆணியில் தொங்கியது.