உடைந்தது என்றே எழுதினேன்

ஆல்பர்ட்டா, செவ்வாய்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம், கோபம்தான் அடங்கவில்லை.

எங்கள் கட்டுமானத் தளத்தில் சாரப் பலகை உடைந்து, நம் ஊர் க்ளாரன்ஸ் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். பயப்படாதீர்கள், உயிருக்கு ஆபத்தில்லை. விபத்து அறிக்கை எழுதுவது என் வேலை; அதில் பலகை 'ப்ரேக்' ஆனது, உடைந்தது என்று எழுதினேன்.

"லியோனா, உடைஞ்சதுன்னு போட்டா கம்பெனி மாட்டிக்கும். அதே அர்த்தத்துல வேற வார்த்தை தேடும்மா" என்றார் மேலாளர்.

அகராதியிலிருந்து ஐந்தாறு சொன்னேன். அவை எதுவும் வேண்டாம் என்று, அவராகவே 'ஷிஃப்ட்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "பலகை நகர்ந்துச்சுன்னு போடு."

அப்படிப் போட்டால், பலகையைச் சரியாக வைக்காத க்ளாரன்ஸ்தான் குற்றவாளி.

"அப்ப அவன் காலும் நகர்ந்துச்சா சார்?" என்று கத்திவிட்டேன். 'ப்ரேக்' என்றே கையெழுத்திட்டு அரசு ஆய்வாளருக்கு அனுப்பியும்விட்டேன்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். அடிக்கடி எழுதுங்கள், இப்போது சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. பேருந்து வந்துவிட்டது.

உங்கள் லியோனா