அப்பாவின் சொந்த வீட்டு வெப்சைட்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சௌக்கியம். தையல் மிஷினுக்குத்தான் கொஞ்சம் இருமல், எண்ணெய் விட்டிருக்கிறேன். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பத்தான் ஆசை, ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா உன் லட்சணம். ஃபோன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்காதே. ஃபோன் உங்கப்பா பக்கத்திலேயே இருக்கிறது, அதுதான் விஷயமே. உனக்கு அனுப்புகிற திரைச்சீலையில் கம்பி நுழைகிற மடிப்புக்குள் இதைச் சுருட்டி வைத்திருக்கிறேன், கம்பியை விடும்போது தட்டுப்படும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

நம் திரைச்சீலைக் கடைக்கு வெப்சைட் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். உன் மாமாதான் ஆரம்பித்து வைத்தான், இந்தக் காலத்தில் வெப்சைட் இல்லாத கடை பலகை இல்லாத கடை மாதிரி என்றான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, வேலையைச் சிக்கனமாகத்தான் செய்தான். வெப்சைட் பெயரை முதல் வருஷச் சலுகையில் வாங்கினான், பக்கங்களை இலவசமாகக் கிடைத்த மாதிரிப் பக்கம் ஒன்றில் ஏற்றினான், படங்களை அவன் ஃபோனிலேயே எடுத்தான். திரைச்சீலையை யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமே, உங்கப்பா நின்றார். பச்சைப் பூப்போட்ட படத்தில் கீழே இரண்டு செருப்புக் கால் தெரிகிறதே, அது அவர்தான். ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தை மட்டும் யாரையும் தொட விடவில்லை, தானே உட்கார்ந்து எழுதினார். எங்கள் மகள் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறாள் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறார். திரைச்சீலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மாமா கேட்டதற்கு, படிக்கிறவர்கள் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

முதலில் அதை இண்டர்நெட்டில் ஒரு இலவச இடத்தில்தான் வைத்தோம். நம் பட்டுத் திரைச்சீலைக்கு நடுவில் எலி மருந்து விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டது. சரி, வருஷத்துக்குக் கொஞ்சம் வாடகை கொடுத்தால் நல்ல இடம் கிடைக்கும் என்று மாமா சொன்னான், அவன் செய்த தப்பு வாடகை என்று சொன்னது. சொந்த வீட்டில் கடை வைத்திருக்கிற மனுஷன் வாடகை இடத்துக்குப் போவானா என்று உங்கப்பா பிடித்துக்கொண்டார். வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரில் வைக்க முடியுமா என்று துருவித் துருவிக் கேட்டு, முடியும், ஆனால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மாமா சொன்னதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். உன் அறையில் உன் பழைய கம்ப்யூட்டர் சும்மாதானே இருந்தது, அதில் ஏறியது நம் கடை.

அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியும், மத்தியானம் பார்த்தேன் வரவில்லை, இன்றைக்கும் மத்தியானம் பார்த்தேன் வரவில்லை என்று தினமும் அவருக்கு ஃபோன் செய்தாய். மத்தியானம் நன்றாக ஓடியதே என்று அவர் சண்டை பிடித்தார். குற்றவாளி யார் என்று எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். படுக்கப் போகும் முன் வீடு முழுக்கச் சுற்றி ஒரு சுவிட்சு விடாமல் அணைக்கிறவர் யார்? ஃபிரிட்ஜைக்கூட ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் போவார். கடை மூடின பிறகு வெப்சைட்டுக்கு என்ன வேலை என்று உன் அறைச் சுவிட்சையும் அணைத்துவிடுவார், காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அதையும் போடுவார். உனக்கு மத்தியானம் என்றால் இங்கே ராத்திரி என்பது அவர் கணக்கிலேயே வரவில்லை. நீயாவது யோசித்திருக்கலாம், நீயும் அவர் பெண்தானே.

நான் ஏன் சொல்லவில்லை என்று கோபப்படாதே. நீ ஊரை விட்டுப் போனதிலிருந்து அவர் உன்னோடு பேசியதெல்லாம் சாப்பிட்டியா, சரி, அம்மாகிட்ட தரேன், அவ்வளவுதான். பாசம் இல்லாமல் இல்லை, என்ன பேசுவதென்று தெரியாது. வெப்சைட் வராமல் போனதும் பேச்சு வந்துவிட்டது. உன் ஃபோன் எந்த ஃபோன், உன் வீட்டு இண்டர்நெட் ஒயர் எந்தப் பக்கமாக வருகிறது, ஒயர் வருகிற ஜன்னல் எவ்வளவு அகலம் என்று அரைமணி நேரம் பேசினார். அப்படித்தானே உன் ஜன்னலில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பது தெரிந்தது. திரைச்சீலைக் கடைக்காரன் பெண் போர்வை கட்டியிருக்கிறாள் என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. நீ கேட்ட சாம்பல் நிறம் இது இல்லை, அதைக் கேட்டதும் முகத்தைச் சுளித்துவிட்டு மஞ்சளை எடுத்து வெட்டினார். மாட்டிக்கொள், போகப் போகப் பிடித்துவிடும்.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு பல் டாக்டரம்மா. புது கிளினிக்குக்குத் திரைச்சீலை வேண்டுமென்று வந்தவர், வேலை முடிந்து ராத்திரிதான் எனக்குப் பார்க்க நேரம், உங்கள் வெப்சைட் ஒரு நாளும் வரவில்லை என்றார். “கடையைப் பூட்டுவீங்க சரி, வெப்சைட்டையுமா பூட்டிட்டுப் படுப்பீங்க?” என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். உங்கப்பா கையில் அளவு டேப்போடு அப்படியே நின்றார். அவர் மூளையில் பூமி உருண்டு உனக்கு மத்தியானம் ஆவதை நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே உனக்கு ஃபோன் செய்து எல்லாம் சரி பண்ணிவிட்டதாகச் சொன்னாரே, எதைச் சரி பண்ணினார் என்று சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். சுவிட்சின் மேல் டேப் ஒட்டி ‘தொடாதே’ என்று எழுதியும் வைத்தார், நான்தான் ஏதோ இத்தனை நாள் தொட்டது போல.

அதிலிருந்து வெப்சைட் ஜோராக வருகிறது. உன் ஃபோன்தான் வருவதில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்கு வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசுகிறாய். அவர் பக்கத்திலேயே நின்று, வெப்சைட் வருதான்னு கேளு என்று என் காதில் சொல்வார், நான் கேட்பேன், வருது என்பாய், அவர் நகர்ந்து போய்விடுவார்.

நேற்று சாயங்காலம் வெட்டு மேஜைப் பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார், நீ எழுந்து வேலைக்குக் கிளம்புகிற நேரம் அது. பிறகு பூனை மாதிரி உன் அறைக்குப் போனார். டேப்பைத் திரும்ப ஒட்டுகிற மாதிரி பதமாக உரித்து, சுவிட்சை அணைத்தார், கதவிடுக்கில் நான் இருப்பது தெரியாமல். வந்து மேஜையில் ஃபோனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஃபோனில் சத்தம் வைத்திருக்கிறதா என்று என்னைக் கேட்டார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். நானும் ஒன்றும் தெரியாதவள் போல வெப்சைட் ஓடுகிறதா என்றேன். தலையைத் தூக்காமல், “அவ பார்த்துட்டுச் சொல்லுவா” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நீ பார்க்கவில்லை போலிருக்கிறது. படுக்கப் போகும் முன் வழக்கம் போல வீட்டில் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வந்து படுத்தார்.

உன் செலவில் நல்ல வாடகை இடம் எடுத்துத் தருகிறேன் என்று போன மாதம் சொன்னாயே, தயவு செய்து வேண்டாம். அது ஒரு நாளும் நிற்காதாம், அப்படிப்பட்ட இடம் நமக்கு எதற்கு. மாமாவையும் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறேன். வயிற்றைப் பட்டினி போடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ நன்றாக, நிறைவாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. மறந்துவிடாதே, இதைப் படித்த கையோடு அப்பாவுக்கு ஃபோன் செய். வெப்சைட் நன்றாக வந்தாலும் வரவில்லை என்று சொல். என்னிடம் கொடுக்கச் சொல்லாதே.

உன் கள்ள அம்மா